வானொலி ஜான் பீல்

இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரை அடுத்த ஹெஸ்வால் என்னும் ஊரில், பருத்தி வணிகர் ஒருவரின் மைந்தராக 1939ஆம் ஆண்டு தோன்றியவர் ஜான் ரேவன்ஸ்கிராஃப்ட். ஜான் பீல் என்பது வானொலிக்கென அவர் பூண்ட பெயர். இளமையில் அமெரிக்க வானொலி நிலையங்களில் பணியாற்றிய அவர், 1967இல் தாயகம் திரும்பினார்.

அந்நாளில் அரசின் உரிமம் பெறாத வானொலிகள் சில, கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஒலிபரப்பி வந்தன. அவற்றுள் ஒன்றாகிய ரேடியோ லண்டனில் நள்ளிரவு நிகழ்ச்சி நடத்தினார் பீல். அவ்வாண்டே புதுச் சட்டத்தால் அது மூடப்பட்டது. பி.பி.சி. புதிதாய்த் தொடங்கிய ரேடியோ 1 அவரை ஏற்றுக்கொண்டது. இறுதிவரை அங்கேயே பணிபுரிந்தார்.

இசைத்தட்டுகளை இவ்வளவு நேரமே ஒலிக்கலாம் என்னும் வரையறை அக்காலத்தில் இருந்தது. கலைஞரின் பிழைப்பைக் காக்க எழுந்த அத்தடையே பீலின் கையில் நற்பேறாயிற்று. இசைக்குழுவினரை நிலையத்துக்கே வரவழைத்து, பெரும்பாலும் நான்கு பாடல்களை ஒரே நாளில் பதிவு செய்வித்து ஒலிபரப்பினார். அத்தகைய பதிவுகள் 4,000க்கும் மேலாகும்.

இசைத்தட்டு நிறுவனங்கள் ஏறெடுத்தும் பாராத இளைஞர் பலர், தம் ஒலிநாடாக்களை அவருக்கு அஞ்சலில் விடுத்தனர். மலைபோற் குவிந்த அவற்றைக் கேட்பதிலேயே அவர்தம் பொழுது கழிந்தது. 1976இல் பங்க் என்னும் முரட்டு இசைக்கு இடமளித்தபோது பழைய நேயர் பலர் சினந்தனர், அவர் பின்வாங்கினாரல்லர். சில வேளைகளில் இசைத்தட்டைத் தவறான வேகத்தில் சுழலவிட்டுப் பின் வருந்துவதும் உண்டு. அதனாலும் நேயர் அவர்பால் அன்பு மிகக் கொண்டனர் போலும்!

1978இல் வட அயர்லாந்து இளைஞராகிய அண்டர்டோன்ஸ் குழுவின் பாடலொன்றை அடுத்தடுத்து இருமுறை ஒலிபரப்பினார். அதன்பின் அமெரிக்க நிறுவனமொன்று அக்குழுவோடு ஒப்பந்தம் செய்தது. 2004ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பெரு நாட்டுக் குஸ்கோ நகரில் பீல் மாரடைப்பால் மறைந்தார். அவருடைய இறுதிச் சடங்கிலும் அப்பாடலே ஒலித்தது.