நாடகத்துக்கு இலக்கணம் தந்த விளாச்சேரிக்காரர்

மதுரைக்குப் பக்கத்தில், திருப்பரங்குன்றத்தை அடுத்து விளாச்சேரி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. நவராத்திரிக்கு வீட்டில் கொலு வைக்கிறோம் அல்லவா? அந்த மண் பொம்மைகளுக்குப் பேர் போன ஊர் அது.

அங்கே 1870-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை கோவிந்த சிவனார். தாயார் லட்சுமி அம்மாள். குழந்தைக்குச் சூரியநாராயணன் என்று பெயர் வைத்தார்கள்.

சூரியநாராயணன், தந்தையிடம் வடமொழி கற்றார். மதுரையில் சபாபதி முதலியாரிடம் தமிழ் கற்றார். பிறகு பட்டப் படிப்புக்காகச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார்.

ஓடமும் அன்னமும்

அந்தக் கல்லூரியின் தலைவர் மில்லர் துரை. ஒரு நாள் அவர் டென்னிசன் என்ற ஆங்கிலக் கவிஞரின் பாட்டை நடத்தினாராம். ஓடம் ஒன்று அன்னத்தைப் போல நீரில் செல்வதாக அதில் வருகிறது. இப்படி ஓர் உவமை தமிழில் உண்டா என்று துரை கேட்டார். சூரியநாராயணன் எழுந்தார். குகன் விட்ட ஓடம் அன்னம் போலக் கங்கையில் சென்றதைக் கம்பர் எப்போதோ பாடிவிட்டார் என்று எடுத்துச் சொன்னார். துரை வியந்து போனார் என்று கதை சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் கல்லூரிகளில் தமிழ் ஆசிரியருக்கு மதிப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. பட்டம் பெற்ற சூரியநாராயணருக்குத் தத்துவம் கற்பிக்கும் வேலை கிடைப்பதாக இருந்தது. அவரோ தமிழ்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஆண்டு 1893. வயது 23!

தொலைந்த நூல்கள்

இயல், இசை, நாடகம் என்று முத்தமிழைச் சொல்கிறோம். ஆனால் நாடகத் தமிழுக்கு இலக்கணம் சொல்லும் பழைய நூல்கள் கிடைக்கவில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் காலத்திலேயே அவற்றில் பல அழிந்து போயிருந்தன. போதாக்குறைக்கு, நாடகம் என்றாலே பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். கூத்தாடி பிழைப்பு என்று இகழ்ந்தார்கள்.

1892-ல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அந்த உரையோடு அச்சிட்டு வெளியிட்டார். ஒரு கதை எப்படி வளர வேண்டும் என்பதற்கு அந்த உரையில் ஓர் அருமையான விளக்கம் இருக்கிறது. நம் வைகைக் கரை விவசாயிக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கதை ஒரு நெற்பயிர் மாதிரி. முதலில் உழுத நிலத்தில் விதை முளைக்கிறது. அது முகம். இலை விட்டு நாற்றாகிறது. அது பிரதிமுகம். பயிர் சூல் கொள்கிறது. அது கருப்பம். கதிர் முற்றித் தலை சாய்கிறது. அது விளைவு. அறுத்து, அடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டு வந்து உண்டு மகிழ்கிறோம். அது துய்த்தல். ஐந்தில் ஒன்றைத் தாண்டிக் குதித்தாலும் சோறு கிடைக்காது, கதையும் நிற்காது. இன்றைய சினிமாவுக்குக்கூட இது பொருந்தும்.

சூரியநாராயண சாஸ்திரியார் இந்தப் பழைய குறிப்புகளைத் தேடி எடுத்தார். வடமொழி நாடக விதிகளைப் பார்த்தார். ஆங்கில நாடகங்களையும் கற்றார். எல்லாவற்றையும் சேர்த்து, 1897-ல் நாடகவியல் என்ற இலக்கண நூலைச் செய்யுளிலேயே எழுதி முடித்தார். நாடகத்தின் வகை, கதையின் போக்கு, பாத்திரங்கள், சுவைகள், நடிப்பு எல்லாம் அதில் உண்டு. அப்போது அவருக்கு 27 வயது.

இலக்கணம் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. ரூபாவதி, கலாவதி, மானவிஜயம் என்று நாடகங்களும் எழுதினார். சிறையில் தண்ணீர் கேட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, அதைக் காவலர் மதியாமல் தாமதித்துக் கொடுத்ததால் குடிக்க மறுத்து உயிர் விட்ட கதைதான் மானவிஜயம். உண்மையைச் சொன்னால், அவருடைய நடை கடினம். பண்டிதர் ரசித்த அளவு பாமரர் ரசித்திருக்க மாட்டார்கள்.

பெயரை மறைத்தார்

பாட்டுகள் எழுதியபோது தம் பெயரை மறைத்துக்கொண்டார். பெயரைப் பார்த்துப் புகழாமல், பாட்டைப் பார்த்துச் சொல்லட்டும் என்பது எண்ணம். சூரியன் பரிதி ஆயிற்று. நாராயணன் மால். சாஸ்திரி கலைஞர். அதுதான் பரிதிமாற் கலைஞர்! அந்தப் பாட்டுகளை ஜி. யு. போப் ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

காச நோய் அவரைப் பற்றிக்கொண்டது. அப்போது அதற்கு மருந்து கிடையாது. 1903-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி காலமானார். வயது 33 தான். மில்லர் துரை கலங்கிப் போனார்.

அதே ஆண்டு வெளியான அவருடைய தமிழ் மொழியின் வரலாறு என்ற நூலில், தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று காரணங்களோடு எழுதியிருந்தார். இந்திய அரசு அதை அறிவித்தது 2004-ல். விளாச்சேரியில் அவர் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம்.