யூரியா மூட்டைக்குப் பின்னால் ஒரு போர்

மேலுரமாக யூரியா இடும்போது, அந்த வெள்ளைக் குருணை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யோசித்ததுண்டா? 45 கிலோ மூட்டை ஒன்றில் 20 கிலோவுக்குச் சற்று அதிகமான தழைச்சத்து இருக்கிறது. அது முழுவதும் காற்றிலிருந்து பிடிக்கப்பட்டது. அப்படிப் பிடிக்கும் வழியைக் காட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர். உலகுக்குச் சோறு போட்டவர் என்று அவரைப் புகழ்வோர் உண்டு. நச்சுப்புகைப் போரைத் தொடங்கிவைத்தவர் என்று தூற்றுவோரும் உண்டு. இரண்டுமே உண்மைதான்.

பாலைவனத்து உப்பு

ஹேபர் 1868 டிசம்பர் 9-ம் தேதி பிரெஸ்லாவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. பிறந்த சில வாரங்களிலேயே தாய் இறந்துவிட்டார். தந்தை சாய வணிகர். மகனுக்குக் கடையில் மனம் ஒட்டவில்லை, வேதியியல் படித்தார். 1894-ல் கார்ல்ஸ்ரூஹே நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் ஐரோப்பிய உழவர்கள் தொழுவுரத்துக்கு மேல் தழைச்சத்து வேண்டுமென்றால் பெரிதும் நம்பியிருந்தது, தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் கிடைத்த வெடியுப்பை. அட்டகாமா பாலைவனத்தில் வெட்டியெடுக்கப்பட்ட சோடியம் நைட்ரேட் அது. அந்தப் பாலைவனத்துக்காகவே 1879 முதல் 1883 வரை சிலி, பெரு, பொலிவியா நாடுகள் போரிட்டன. அந்த உப்பை அதிகமாக வாங்கிய நாடு ஜெர்மனி. பீட்ரூட் வகைச் சர்க்கரைக் கிழங்குக்கும் தானியத்துக்கும் அது உரம். வெடிமருந்துக்கும் அதுதான் மூலப்பொருள். ஒரே உப்பை வயலும் பீரங்கியும் கேட்டன.

1898-ல் இங்கிலாந்து விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் ஓர் எச்சரிக்கை விடுத்தார். சிலியின் உப்பு தீர்ந்துபோகும், அதன்பின் கோதுமை உண்போருக்குப் பஞ்சம் வரும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க வேதியியல் வழி காண வேண்டும் என்றார்.

சொட்டுச் சொட்டாக அம்மோனியா

உங்கள் ஒரு ஏக்கர் நிலத்துக்கு மேலே நிற்கும் காற்றில் சுமார் 30 ஆயிரம் டன் நைட்ரஜன் இருக்கிறது. ஆனால், அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் நெற்பயிரால் அதை நேரடியாக எடுக்க முடியாது. அந்தப் பிணைப்பை உடைப்பதுதான் சவால். உளுந்தின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் சத்தமில்லாமல் அதைச் செய்கின்றன. ஹேபர் அதை இரும்புக் குழாய்க்குள் செய்ய முயன்றார்.

நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கலந்து, காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு வரை அழுத்தி, 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஆஸ்மியம் என்ற அரிய உலோகத்தின் மேல் செலுத்தினார். உதவியாளர் ராபர்ட் லெ ரோசிஞால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் கருவியை உருவாக்கினார். 1909 ஜூலையில் பாஸ்ஃப் நிறுவனத்தார் முன்னிலையில் அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுந்தது.

மேசைமேல் நடந்த அந்தச் சோதனையைத் தொழிற்சாலையாக்கியவர் பாஸ்ஃப் நிறுவனத்தின் கார்ல் போஷ். ஆல்வின் மிட்டாஷ் குழுவினர் ஆயிரக்கணக்கான சோதனைகள் நடத்தி, ஆஸ்மியத்துக்குப் பதிலாக மலிவான இரும்பைக் கொண்டு வினையூக்கி கண்டனர். 1913 செப்டம்பரில் ஓப்பாவ் ஆலை இயங்கத் தொடங்கியது. அது உரத்துக்காகக் கட்டப்பட்ட ஆலை.

எம்டன் வந்த காலம்

அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டன் கப்பலை நாம் அறிவோம். அந்தக் கப்பல் பிரிந்து வந்த படையணி, பசிபிக் கடலைக் கடந்து சிலி நாட்டுக் கரைக்குப் போனது. நவம்பர் 1-ம் தேதி அங்கே இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. டிசம்பர் 8-ம் தேதி ஃபாக்லாந்து தீவுகளுக்கு அருகே பிரிட்டன் பழிதீர்த்தது. சிலி உப்பு வரும் கடல்வழி முழுவதும் பிரிட்டன் வசமானது.

போர் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்பியிருந்த ஜெர்மனியிடம் வெடிமருந்துக்கான இருப்பு அதிகம் இல்லை. அப்போது கைகொடுத்தது ஓப்பாவ் ஆலை. 1915 மே மாதம் முதல் அங்கே அம்மோனியா நைட்ரிக் அமிலமாக மாறி, வெடிமருந்து ஆலைகளுக்குப் போனது. 1917-ல் லாய்னாவில் இன்னும் பெரிய ஆலை வந்தது. சில மாதங்களில் முடங்கியிருக்கக்கூடிய போர் நான்கு ஆண்டுகள் நீண்டதற்கு இந்த அம்மோனியாவும் ஒரு காரணம்.

குண்டுக்குப் போன தழைச்சத்து வயலுக்கு வரவில்லை. உழவர்களும் குதிரைகளும் போர்முனைக்குப் போனார்கள். விளைச்சல் சரிந்தது. கடல் முற்றுகையால் வெளியிலிருந்தும் உணவு வரவில்லை. 1916 இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்கும் பொய்த்தது. அந்தக் குளிர்காலத்தில் கால்நடைக்குப் போடும் டர்னிப் கிழங்கைத்தான் ஜெர்மானியர் தின்றார்கள். பசியாலும் அதையொட்டிய நோயாலும் லட்சக்கணக்கானோர் இறந்தனர். காற்றிலிருந்து உணவு செய்யக் கற்றுத்தந்த நாட்டிலேயே இது நடந்தது.

அறிஞரின் வீழ்ச்சி

ஹேபர் அத்துடன் நிற்கவில்லை. 1915 ஏப்ரல் 22-ம் தேதி பெல்ஜியத்தின் ஈப்ரு நகருக்கு அருகே 150 டன்னுக்கும் அதிகமான குளோரின் வாயுவை எதிரிகளின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிடும் பணியை நேரில் நின்று நடத்தினார். பத்து நாள் கழித்து, மே 2-ம் தேதி, அவருடைய மனைவி கிளாரா தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அவரும் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மறுநாளே ஹேபர் கிழக்குப் போர்முனைக்குக் கிளம்பினார்.

அம்மோனியா கண்டுபிடிப்புக்காக 1918-ம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. வாயுப் போரை மறக்காத எதிர்நாட்டு அறிஞர்கள் கண்டித்தனர். நாட்டின் போர்க்கடனை அடைக்கக் கடல்நீரிலிருந்து தங்கம் எடுக்க முயன்று தோற்றார். தானியக் கிடங்குகளில் பூச்சியை ஒழிக்க அவருடைய நிறுவனத்தில் சைக்ளான் என்ற புகைமருந்து உருவானது. பிற்காலத்தில் அதன் வழிவந்த சைக்ளான்-பி, நாஜி வதைமுகாம்களில் யூதர்களைக் கொல்லப் பயன்பட்டது. ஹேபரின் உறவினர்களும் அதில் இறந்தனர்.

அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1933-ல் யூத ஊழியர்களை நீக்கும்படி ஹிட்லர் அரசு சொன்னபோது, அவர் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார். இளமையிலேயே கிறிஸ்தவராக மதம் மாறியிருந்தும், அரசின் கண்ணில் அவர் யூதரே. 1934 ஜனவரி 29-ம் தேதி சுவிட்சர்லாந்தின் பாஸெல் நகரில் காலமானார்.

நமக்கு என்ன?

இன்று உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் உணவு இந்த முறையில் செய்த உரத்தால்தான் விளைகிறது. ஆகவே, யூரியாவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், நம் நாட்டு யூரியா ஆலைகள் இயற்கை எரிவாயுவில் ஓடுகின்றன. அதில் பெரும்பங்கு இறக்குமதி. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் உலகச் சந்தையில் உர விலை எகிறியது. நம் யூரியா மூட்டையின் விலை ஏறாததற்குக் காரணம், அந்தச் சுமையை அரசு மானியம் தாங்கியதுதான். அன்று சிலி உப்பு, இன்று எரிவாயு. சத்து தூரத்திலிருந்து வரும்வரை எங்கோ நடக்கும் போர் நம் வரப்புக்கும் வரும்.

தண்ணீர் கட்டிய நெல் வயலில் இடும் யூரியாவில் பாதிக்கும் குறைவான தழைச்சத்தே பயிருக்குப் போய்ச் சேர்கிறது. அதனால் ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுங்கள். இலை வண்ண அட்டையைப் பார்த்து இடுங்கள். நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். நெல்லுக்குப் பின் உளுந்தோ பயறோ போடுங்கள். அவற்றின் வேர்முடிச்சுக்கு எந்தக் கப்பலும் வர வேண்டியதில்லை. எந்தப் போரும் அதை நிறுத்திவிட முடியாது.