அணுவின் அடிச்சுவட்டைத் தொடர்ந்த ஜோர்ஜ் டி ஹெவெசி

மகரகமை புற்றுநோய் மருத்துவமனைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரமொன்றைப் பெற்றுக்கொடுப்பதற்காக 2016 ஆம் ஆண்டில் நாடெங்கிலும் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன, மத பேதமின்றிச் சேர்ந்த பணம் அது. சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் உடலின் அமைப்பைக் காட்டுகின்றது. பெட் ஸ்கேனோ உடலுக்குள் என்ன நடந்துகொண்டிருக்கின்றது என்பதைக் காட்டுகின்றது. கதிரியக்கமுள்ள அணுவொன்று இணைக்கப்பட்ட ஒருவகைச் சீனிப்பொருளைச் சிறிதளவு நோயாளியின் இரத்தத்தில் செலுத்துகின்றனர். விரைந்து பெருகும் புற்றுநோய்க் கலங்கள் அதனை ஏனைய கலங்களிலும் பார்க்க அதிகமாக உள்வாங்குகின்றன. அவ்விடத்திலிருந்து புறப்படும் கதிர்களே நோய் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன.

உடலுக்குள் ஓர் அணுவை அனுப்பி, அது செல்லும் வழியை வெளியிலிருந்து அறிந்துகொள்ளலாம் என்ற இந்த எண்ணம் முதன்முதலில் உதித்தது ஒரு மருத்துவரிடத்தில் அன்று. தமக்கு இடப்பட்ட வேலையைச் செய்து முடிக்க இயலாமற்போன ஓர் இளம் இரசாயனவியலாளரிடத்திலேயே அது உதித்தது. அவர் பெயர் ஜோர்ஜ் டி ஹெவெசி.

1885 ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டில், யூத வழிவந்து கத்தோலிக்கத்தைத் தழுவிய செல்வக் குடும்பமொன்றில் எட்டுப் பிள்ளைகளுள் ஐந்தாமவராக அவர் பிறந்தார். புடாபெஸ்ட்டிலும் பேர்லினிலும் கற்றபின் 1908 இல் ஜேர்மனியின் பிரைபேர்க் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன்பின் சூரிச் நகரிலும் கார்ல்ஸ்ரூ நகரிலும் சிறிது காலம் பணியாற்றிவிட்டு, 1911 இல் இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகருக்கு வந்து சேர்ந்தார். அணுவின் கருவைப் பற்றிய தமது கொள்கையை ஏர்னஸ்ட் ரதர்போர்ட் அங்கிருந்து வெளியிட்ட ஆண்டும் அதுவே.

ரதர்போர்டின் ஆய்வுகூடத்தில் ஒரு சங்கடம் இருந்தது. ஜோக்கிம்ஸ்தால் சுரங்கத்தின் தாதுவிலிருந்து கிடைத்த ஈயத்தை அவுஸ்திரிய அரசாங்கம் பெருந்தொகையாக அவருக்கு அன்பளிப்புச் செய்திருந்தது. அதில் ரேடியம் டி எனப்பட்ட, ஆய்வுக்கு மிகவும் வேண்டப்பட்ட கதிரியக்கப் பொருளொன்று கலந்திருந்தது. ஆனால் சுற்றியிருந்த ஈயம் அதனைப் பயனற்றதாக்கியது. திறமைசாலியானால் அந்த ரேடியம் டி யைத் தொல்லை தரும் ஈயத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்பதே ஹெவெசிக்கு இடப்பட்ட பணி. ஏறத்தாழ இரண்டு வருடங்கள் அவர் முயன்றார். அறிந்த இரசாயன முறைகள் யாவற்றையும் கையாண்டார். ஓர் அணுவைத்தானும் பிரிக்க முடியவில்லை.

முடியாமற்போனதற்கான காரணம் பின்னர் தெளிவாயிற்று. ரேடியம் டி யும் ஈயமே. நிறையில் மாத்திரம் வேறுபட்ட, இரசாயன இயல்பில் எவ்வித வேறுபாடுமில்லாத ஈயத்தின் சமதானி அது. இரசாயன முறையால் அதனைப் பிரிக்க முயல்வது நீரிலிருந்து நீரைப் பிரிக்க முயல்வதற்கு ஒப்பானது. இவ்விடத்தில் வேறொருவர் மனஞ்சலித்து வேறு ஆய்வுக்குச் சென்றிருப்பார். ஹெவெசி கேள்வியைத் தலைகீழாக்கினார். பிரிக்கவே முடியாத பொருள் ஈயம் போகுமிடமெல்லாம் போகுமல்லவா? அப்படியானால் ஈயத்துடன் அதனைச் சிறிதளவு கலந்துவிட்டு, அதன் கதிர்களைக் கருவியால் அளந்துகொண்டே சென்றால் ஈயம் எங்கே போகின்றது என்பதை அறியலாம். இதே பிரிப்பு வேலையில் வியன்னாவிலே தோல்வி கண்டிருந்த பிரெட்ரிக் பனெத் என்பவருடன் சேர்ந்து 1913 இல் இம்முறையைச் செய்து காட்டினார். தராசினால் நிறுக்கவியலாத அளவுக்கு அற்பமாக நீரில் கரையும் ஈய உப்புகளின் கரைதிறனை அவர்கள் இவ்வாறே அளந்தனர். சுவடுகாட்டி முறை பிறந்தது.

மன்செஸ்டர் வாழ்க்கையைப் பற்றி ஹெவெசி பிற்காலத்தில் சொல்லிவந்த கதையொன்றுண்டு. அவர் தங்கியிருந்த விடுதியின் எசமானி, ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய இறைச்சியை வாரநாட்களில் வேறு வேறு பதார்த்தங்களாக மாற்றிப் பரிமாறுகின்றார் என்ற ஐயம் அவருக்கு. கேட்டபோது எசமானி மறுத்தார். ஒரு ஞாயிறன்று தமது தட்டில் மிஞ்சிய உணவில் கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு தூவிவிட்டு, சில நாட்களின் பின் மேசைக்கு வந்த புதிய பதார்த்தத்தின் அருகே மின்காட்டியை வைத்துப் பார்த்தார். கருவி உண்மையைக் கூறிவிட்டது. இன்றைய பாதுகாப்பு விதிகளின்படி எந்த ஆய்வுகூடமும் இதனை அனுமதியாது. எனினும் உணவொன்றின் பயணத்தைக் கதிரியக்கத்தால் தொடர்ந்த முதற்பரிசோதனை அதுவாகவே இருக்கக்கூடும்.

டென்மார்க் நாட்டு நீல்ஸ் போர் 1912 இல் மன்செஸ்டருக்கு வந்தபோது இருவருக்குமிடையே ஏற்பட்ட நட்பு ஹெவெசியின் வாழ்வையே திசைதிருப்பியது. முதலாம் உலகப் போரில் அவுஸ்திரிய - ஹங்கேரிப் படையின் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய அவர், 1919 ஆம் ஆண்டு ஹங்கேரியில் ஏற்பட்ட அரசியல் கொந்தளிப்பின் பின் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமையை இழந்தார். அடுத்த ஆண்டு கோபன்ஹேகனிலிருந்த போரின் புதிய நிறுவனம் அவரை ஏற்றுக்கொண்டது. தாய்நாட்டை விட்டு அவர் வெளியேறியது அப்போதுதான். ஒரு நாட்டிலிருந்து வெளியேற நேர்ந்தது அதுவே கடைசி முறையாகவும் இருக்கவில்லை.

கோபன்ஹேகனில் பிரொன்ஸ்ரெட் என்பவருடன் இணைந்து இரசத்தைக் குறைந்த அமுக்கத்தில் ஆவியாக்கி அதன் சமதானிகளைப் பகுதியளவில் பிரித்தார். பாரங் குறைந்த அணு சற்று விரைவாக ஆவியாகும், பாரங் கூடியது பின்தங்கும் என்பதே இதன் அடிப்படை. மன்செஸ்டரில் இரசாயனத்தால் முடியாததை இங்கே பௌதிகம் முடித்து வைத்தது. இந்தச் சிறு உண்மையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

டேர்க் கொஸ்ரர் என்பவருடன் சேர்ந்து எக்ஸ் கதிர் நிறமாலையின் உதவியால் 72 ஆம் மூலகத்தை அவர் கண்டுபிடித்த செய்தி 1923 ஜனவரியில் வெளியாயிற்று. கோபன்ஹேகனின் இலத்தீன் பெயரான ஹஃப்னியா என்பதிலிருந்து அம்மூலகம் ஹஃப்னியம் எனப் பெயர் பெற்றது. வேறொருவருக்கு இதுவொன்றே வாழ்நாட் புகழுக்குப் போதுமானது. ஆனால் அதே ஆண்டில் அவர் செய்த அடக்கமான வேறொரு பரிசோதனையே அதனிலும் பெரியது என்பது எமது கருத்து. அவரைச் செடிகள் வேர்வழியாக ஈயத்தை எவ்வாறு உறிஞ்சுகின்றன என்பதைக் கதிரியக்க ஈயத்தைக் கொண்டு அறிந்தார். உயிருள்ள ஒன்றினுள் சுவடுகாட்டி புகுந்தது அன்றுதான். அடுத்த ஆண்டு ஈயமும் பிஸ்மத்தும் விலங்குகளின் உடலில் எங்கெங்கே தங்குகின்றன என்பது ஆராயப்பட்டது. மேகநோய்க்குப் பிஸ்மத் மருந்து கொடுக்கப்பட்ட காலமாதலால் மருத்துவர்களும் அதில் அக்கறை கொண்டிருந்தனர்.

ஆயினும் ஒரு தடை இருந்தது. ஈயம் நஞ்சு. உயிருக்கு இன்றியமையாத மூலகங்களுக்குக் கதிரியக்கச் சமதானி அப்போது கையில் இல்லை. 1926 இல் பிரைபேர்க்கில் பேராசிரியராகச் சென்ற ஹெவெசி, நாஸிகள் ஆட்சியைப் பிடித்ததன் விளைவாக 1934 இல் அங்கிருந்தும் வெளியேறி மீண்டும் கோபன்ஹேகனுக்கு வந்தார். அந்தக் காலப்பகுதியிலேயே இரு கதவுகள் திறந்தன.

முதலாவது கதவு பாரநீர். ஐதரசனின் பாரமான சமதானியைக் கண்டுபிடித்த அமெரிக்கரான ஹரோல்ட் யூரே, அச்சமதானி சற்றுச் செறிவாக அடங்கிய சில லீற்றர் நீரை அனுப்பி வைத்தார். ஹெவெசியும் அவரது உதவியாளரான ஹோபரும் மனித உடலுக்குள் செல்லும் நீர் எவ்வளவு காலம் தங்குகின்றது என்பதை அதைக்கொண்டு அளந்தனர். அருந்திய நீரில் பாதி வெளியேற ஏறத்தாழ 9 நாட்களாகும் என்பதும், ஒரு நீர் மூலக்கூறு உடலில் சராசரியாக 13 நாட்களளவில் தங்கும் என்பதும் தெரியவந்தன. காலையில் குடித்த நீர் மாலையில் போய்விடும் என்றெண்ணியிருந்தோர்க்கு இது வியப்பாயிருந்தது.

இரண்டாவது கதவு செயற்கைக் கதிரியக்கம். பாரிஸில் ஜோலியோ - கியூரி தம்பதியர் 1934 இல் அதனைக் கண்டறிந்தனர். போரின் 50 ஆவது பிறந்தநாளையொட்டி 1935 இல் நண்பர்கள் பணம் திரட்டி 0.6 கிராம் ரேடியம் வாங்கிக் கொடுத்தனர். அது நியூத்திரன்களைப் பெற உதவிற்று. கந்தகத்தை நியூத்திரன்களால் தாக்கி, 14 நாட்களளவில் பாதியாகத் தேயும் பொசுபரசு 32 ஐ ஹெவெசி பெற்றார். எலும்பு, இரத்தம், நரம்பு, பால், முட்டை ஆகிய யாவற்றிலும் உள்ள மூலகம் பொசுபரசு.

அதனை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தபோது, எலும்பு என்பது கட்டிமுடித்த சுவர் போன்ற மாறாப் பொருள் என்ற நம்பிக்கை தகர்ந்தது. எலும்பிலிருந்து பொசுபரசு அணுக்கள் ஓயாது வெளியேறுகின்றன. புதியவை அவ்விடத்தை நிரப்புகின்றன. எலியின் உடலில் ஒரு பொசுபரசு அணு சராசரியாக இரு மாதங்களே தங்குகின்றது. வெளிப்பார்வைக்கு அதே உடல், ஆனால் உள்ளே குடியிருப்போர் மாறிக்கொண்டேயிருக்கின்றனர்.

அடுத்து அவர் சென்றது கோழிக் கூட்டுக்கும் ஆட்டுக் கொட்டிலுக்கும். 1938 இல் வெளியான ஆய்வுகளில், முட்டையின் மஞ்சட்கருவிலுள்ள பொசுபரசு அடங்கிய கொழுப்புப் பொருள் எங்கே உருவாகின்றது என்று வினவினார். அது பெரும்பாலும் கோழியின் ஈரலில் உருவாகி, இரத்தத்தின் வழியே சூலகத்தை அடைகின்றது என்பது விடையாகக் கிடைத்தது. ஆட்டுக்குப் பொசுபரசைச் செலுத்தி, சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை பால் கறந்து அளந்ததில், பாலின் புரதத்திலுள்ள பொசுபரசு இரத்தத்திலுள்ள எளிய பொசுபேற்றிலிருந்தே எடுக்கப்படுகின்றது எனத் தெரிந்தது. ஆடும் கோழியும் வளர்ப்போர்க்கு இவை வீண் ஆராய்ச்சியாகத் தோன்றக்கூடும். ஆனால் தீவனத்திலுள்ள சத்தில் எது முட்டைக்கும் பாலுக்கும் போய்ச் சேர்கின்றது என்பதை ஊகத்தால் அன்றி அளவையால் கூறும் வழி இவ்வாறே உண்டாயிற்று. உலக உணவு, விவசாய நிறுவனமும் சர்வதேச அணுசக்தி முகவரகமும் 1964 இல் வியன்னாவில் கூட்டுப் பிரிவொன்றை அமைத்து, உரத்திலும் தீவனத்திலும் கால்நடை இனவிருத்தியிலும் கையாண்டுவரும் சமதானி முறைகள் இவ்வழியில் வந்தவையே.

1940 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜேர்மனியப் படை டென்மார்க்கினுள் புகுந்தது. ஜேர்மனியப் பௌதிகவியலாளர்களான மக்ஸ் பொன் லவே, ஜேம்ஸ் பிராங்க் ஆகியோரின் நோபல் பதக்கங்கள் பாதுகாப்புக்காகப் போரின் நிறுவனத்தில் வைக்கப்பட்டிருந்தன. நாட்டிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவதை நாஸி அரசு கடுங்குற்றமாகக் கருதியது. பதக்கத்திலோ லவேயின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அது அகப்பட்டால் ஜேர்மனியில் வாழ்ந்துகொண்டிருந்த லவேயின் உயிருக்கே ஆபத்து. வீதியில் படைகள் அணிவகுத்துச் செல்கையில், ஹெவெசி ஆய்வுகூடத்தில் இரு பதக்கங்களையும் இராஜ திராவகத்தில் கரைத்துக்கொண்டிருந்தார். தங்கம் இலேசில் கரையாது, வேலை மெதுவாகவே நடந்தது. பின்னர் நிறுவனத்தைச் சோதனையிட்டவர்கள் இராக்கையிலிருந்த போத்தலைப் பொருட்படுத்தவில்லை. போர் முடிந்தபின் அத்திரவத்திலிருந்து தங்கம் மீட்கப்பட்டு, மீண்டும் பதக்கங்களாக வார்க்கப்பட்டு உரியவர்களிடம் கையளிக்கப்பட்டது.

டென்மார்க்கில் யூதர்களைக் கைது செய்யும் நடவடிக்கை 1943 இல் தொடங்கவே, ஹெவெசி சுவீடனுக்குத் தப்பிச் சென்றார். அப்போது அவருக்கு வயது 58. ஹங்கேரி, ஜேர்மனி, டென்மார்க் என மூன்றாவது முறையாகவும் ஆய்வுகூடத்தை விட்டுச் செல்ல வேண்டியதாயிற்று. பிடிங்கி நடப்பட்ட பயிர் போல் ஒவ்வோரிடத்திலும் மீண்டும் வேர்விட்டார். 1943 ஆம் ஆண்டுக்கென ஒத்திவைக்கப்பட்ட இரசாயனவியல் நோபல் பரிசு, சுவடுகாட்டி முறைக்காக 1944 இல் அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ஸ்ரொக்ஹோமில் அகதியாக இருந்தார். பின்னர் சுவீடன் நாட்டுப் பிரசையானார்.

போருக்குப் பின் சுவடுகாட்டி மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது. கதிர்களை எண்ணுவதோடு நில்லாமல் அவற்றைப் படமாக வரையும் கருவிகள் 1950 களில் அமெரிக்காவில் ஆக்கப்பட்டன. ஆறு மணித்தியாலத்தில் பாதியாகத் தேயும் தெக்னீசியம் பின்னர் பெருவழக்காயிற்று. இக்கருவிகளை ஹெவெசி செய்யவில்லை என்பதையும் கூறிவிடவேண்டும். அவர் கொடுத்தது கருவியன்று, கேள்வி கேட்கும் முறை.

நினைவில் வைக்குமாறு கூறிய இரச ஆவிக்கு இப்போது வருவோம். நீரிலும் பாரங் குறைந்த ஒட்சிசன் 16, பாரங் கூடிய ஒட்சிசன் 18 என்ற இரண்டும் உண்டு. கடலிலிருந்து ஆவியாகும்போதும் முகிலாகிக் குளிரும்போதும் இவற்றின் விகிதம் மாறுகின்றது. குளிர் கூடக்கூட, பெய்யும் பனியில் பாரங் கூடியது குறைகின்றது. அதாவது, இயற்கையே தனது நீரில் சுவடுகாட்டியைக் கலந்து வைத்திருக்கின்றது. ஹெவெசிக்குப் பாரநீர் அனுப்பிய அதே யூரே, கடல்வாழ் உயிரிகளின் ஓடுகளிலுள்ள ஒட்சிசன் விகிதம் பண்டைக் கடலின் வெப்பநிலையைச் சொல்லும் என 1947 இல் கணக்கிட்டார். 1951 இல் அவரது குழுவினர் ஸ்கொட்லாந்தின் ஸ்கை தீவிலிருந்து பெற்ற, கணவாய் இனத்தையொத்த உயிரியொன்றின் புதைபடிவத்தை அடுக்கடுக்காகச் சுரண்டி ஆராய்ந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அது கண்ட கோடைகளையும் மாரிகளையும் எண்ணிச் சொன்னார்கள்.

கோபன்ஹேகனில் வில்லி டான்ஸ்கார்ட் 1952 இல் தமது வீட்டு முற்றத்தில் போத்தலொன்றில் புனலைப் பொருத்தி மழைநீர் சேர்த்து இவ்வாராய்ச்சியைத் தொடங்கினார். கிறீன்லாந்தின் கம்ப் செஞ்சுரி முகாமில் 1,387 மீற்றர் ஆழம் வரை பனிக்கட்டியைத் துளைத்த துளைகருவி 1966 ஆம் ஆண்டு கோடையில் அடிப்பாறையைத் தொட்டது. ஒரு இலட்சம் ஆண்டுகளளவான காலநிலை வரலாற்றை டான்ஸ்கார்ட் குழுவினர் அதிலிருந்து 1969 இல் எழுதினர்.

ஹெவெசி அதனைக் காணவில்லை. அதே 1966 கோடையில், ஜூலை 5 ஆம் திகதி, முன்பு தாம் கற்றதும் கற்பித்ததும் பின்னர் விட்டு வெளியேறியதுமான பிரைபேர்க் நகரிலேயே தமது 80 ஆவது வயதில் அவர் காலமானார். அங்கு அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல் 35 ஆண்டுகளின் பின், 2001 ஏப்ரலில், புடாபெஸ்ட்டுக்குக் கொண்டுவரப்பட்டு கெரெபேஷி மயானத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.