மூன்றாம் றிச்சாட் மன்னன் (1452 – 1485)

இங்கிலாந்தை ஆண்ட யோர்க் வம்சத்தின் இறுதி மன்னன் மூன்றாம் றிச்சாட் ஆவான். இவன் 1452 ஒக்டோபர் 2 ஆம் திகதி பிறந்தான். யோர்க், லங்காஸ்டர் வம்சங்கள் முடியுரிமைக்காகப் போரிட்ட காலம் அது. எட்டு வயதிலேயே தந்தையைப் போரில் இழந்தான். 1461 இல் இவனது தமையன் நான்காம் எட்வேட் அரசனானான். பின்னர் றிச்சாட், தமையனின் சார்பில் வட இங்கிலாந்தை நிருவகித்து நற்பெயர் பெற்றான்.

1483 ஏப்ரலில் எட்வேட் இறந்தான். அவனது 12 வயது மகன் ஐந்தாம் எட்வேட்டின் பாதுகாவலனாக றிச்சாட் நியமிக்கப்பட்டான். எனினும், எட்வேட்டின் திருமணம் செல்லுபடியற்றதெனக் கூறப்பட்டமையால் பிள்ளைகள் முடியுரிமையை இழந்தனர். யூலை 6 ஆம் திகதி றிச்சாட் முடிசூடினான். இலண்டன் கோபுரத்தில் வைக்கப்பட்டிருந்த இளவரசர் இருவரையும் அவ்வாண்டின் பின்னர் எவரும் கண்டதாகத் தெரியவில்லை. அவர்களைக் கொல்வித்தவன் என்ற பழி இவன்மீது விழுந்தது.

1484 இல் கூடிய இவனது பாராளுமன்றம் பிணை வழங்கல் தொடர்பாகச் சட்டமியற்றியதுடன், மன்னர் கட்டாய நன்கொடை பெறுவதையும் தடைசெய்தது. அதே ஆண்டில் பட்டத்துக்குரிய மகனையும் அடுத்த ஆண்டில் மனைவி ஆனையும் றிச்சாட் இழந்தான். 1485 ஓகஸ்ட் 22 ஆம் திகதி பொஸ்வேத் போரில், தனது 32 ஆவது வயதில் கொல்லப்பட்டான். வெற்றிபெற்ற ஹென்றி டியூடர் ஏழாம் ஹென்றி என்ற பெயரில் அரசனானான்.

டியூடர் ஆட்சிக்கால நூல்கள் றிச்சாட்டைக் கொடியவனாகக் காட்டின. சேக்ஸ்பியரின் நாடகம் அவனைக் கூனனாகவும் சூழ்ச்சிக்காரனாகவும் சித்திரித்தது. அந்நாடகம் எழுதப்பட்டபோது ஆட்சியிலிருந்த முதலாம் எலிசபெத், ஏழாம் ஹென்றியின் பேத்தி என்பது கவனிக்கத்தக்கது.

20 ஆம் நூற்றாண்டில் நாவலாசிரியர் சிலர் இப்பழியை மீளாய்வு செய்தனர். ஜோசபின் டே 1951 இல் எழுதிய நாவலில், கால் முறிந்து படுத்திருக்கும் பொலிஸ் அதிகாரி ஒருவர் பழைய சான்றுகளை ஆராய்ந்து றிச்சாட் குற்றமற்றவன் என முடிவுசெய்கிறார். 1982 இல் வெளிவந்த ஷரன் பென்மனின் வரலாற்று நாவல் அவனைத் தமையனுக்கு விசுவாசமான தம்பியாகக் காட்டுகிறது.

2012 இல் லெஸ்டர் நகர வாகனத் தரிப்பிடமொன்றின் கீழ் அவனது எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டு, மரபணுச் சோதனை முதலிய சான்றுகளால் உறுதிசெய்யப்பட்டது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. ஆயினும் நாடகம் கூறும் சூம்பிய கை இருக்கவில்லை. 2015 இல் லெஸ்டர் பேராலயத்தில் அரச மரியாதையுடன் மீள அடக்கஞ் செய்யப்பட்டான்.

எலும்புகள் அவனது உடலைப் பற்றிக் கூறினவேயன்றி, இளவரசர்களின் முடிவைக் கூறவில்லை. எனவே, வென்றவர்களின் கூற்றை மட்டும் நம்பி ஒருவனைக் குற்றவாளியாக்குவதும், நாவலை மட்டும் நம்பி அவனை விடுவிப்பதும் வரலாற்று முறையாகா. சான்றுகளை ஒப்புநோக்கி முடிவுக்கு வருதலே வரலாறு கற்பவரின் கடமையாகும்.

பயிற்சி
1. றிச்சாட்டின் பாராளுமன்றம் மேற்கொண்ட சீர்திருத்தங்கள் இரண்டு தருக.
2. டியூடர் கால நூல்கள் அவனை இழித்துரைத்தமைக்கான காரணத்தை விளக்குக.