பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்: மருத்துவ மேதை இப்னு சீனா காட்டிய வழி

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

கல்வியின் சிறப்பைப் பேசும் மேடைகளில் இப்னு சீனாவின் பெயர் தவறாமல் வரும். பத்து வயதில் குர்ஆனை முடித்தார், பதினாறு வயதில் மருத்துவம் கற்றார் என்று நாமும் பல ஜும்ஆக்களில் சொல்லியிருக்கிறோம். கேட்ட பெற்றோர் வீட்டுக்குப் போய் மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்திருப்பார்கள். ஆனால் அந்த மேதை சிறு பிள்ளைகளை எப்படி வளர்க்கச் சொன்னார் என்பதை நாம் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

புகாராவில் வளர்ந்த பிள்ளை

அபூ அலீ அல்ஹுஸைன் இப்னு அப்துல்லாஹ் இப்னு சீனா ஹிஜ்ரி 370, அதாவது கி.பி. 980-ல், இன்றைய உஸ்பெகிஸ்தானிலுள்ள புகாரா நகருக்கு அருகே அஃப்ஷனா என்ற ஊரில் பிறந்தார். தந்தை அப்துல்லாஹ், பல்கிலிருந்து வந்து சாமானிய அரசில் பணியாற்றியவர். தாயார் ஸிதாரா அஃப்ஷனாவைச் சேர்ந்தவர். தம்பி பிறந்த பிறகு குடும்பம் புகாராவில் குடியேறியது.

அங்கே தந்தை அவரைக் குர்ஆன் ஆசிரியரிடமும் இலக்கிய ஆசிரியரிடமும் சேர்த்தார். இந்தியக் கணக்கு முறையைக் கற்க ஒரு காய்கறி வியாபாரியிடம் அனுப்பினார். வீட்டுக்கு வந்துபோன அறிஞர்களின் பேச்சைக் கேட்டே பிள்ளை வளர்ந்தது. அரிஸ்டாட்டிலின் ஒரு நூலை நாற்பது முறை படித்தும் புரியாமல், கடைத்தெருவில் மூன்று திர்ஹத்துக்கு வாங்கிய ஃபாராபியின் சிறு நூலால் தெளிவு பெற்று, மறுநாள் ஏழைகளுக்கு ஸதகா கொடுத்தவர் அவர். புகாராவின் அரசர் நூஹ் இப்னு மன்ஸூர் நோயுற்றபோது மருத்துவம் செய்ய அழைக்கப்பட்டார். அதன் பயனாக அரண்மனை நூலகம் அவருக்குத் திறந்தது.

தந்தையின் மறைவுக்குப் பிறகு வாழ்க்கை அலைச்சலாயிற்று. ஊர் ஊராகச் சென்று ஹமதானில் அமைச்சரானார். படைவீரர்கள் அவருக்கு எதிராகக் கிளர்ந்து வீட்டைச் சூழ்ந்தபோது நாற்பது நாட்கள் ஒளிந்திருந்தார். பின்னர் ஒரு கோட்டையில் சிறையும் வைக்கப்பட்டார். பகலில் அரசுப் பணி, இரவில் மாணவர்களுக்குப் பாடம் என்ற நெருக்கடிக்கு இடையில்தான் அல்கானூன் ஃபித்திப் என்ற மருத்துவப் பெருநூல் வளர்ந்தது. ஐந்து பாகங்கள் கொண்ட அந்நூல் 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குச் சென்றது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது.

அவரது தத்துவக் கருத்துகள் சிலவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோர் கடுமையாக மறுத்துள்ளனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே நாம் பேசுவது அவரது மருத்துவத்தை.

தொட்டிலிலிருந்து ஆறு வயது வரை

கானூனின் முதல் பாகத்தில் குழந்தை வளர்ப்புக்கென்றே அத்தியாயங்கள் உள்ளன. பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலே மிகப் பொருத்தமான உணவு என்கிறார் இப்னு சீனா. பாலூட்டும் காலம் இரண்டாண்டுகள் என்பது அவர் கணக்கு. திருக்குர்ஆன் (2:233) சொல்லும் முழுமையான காலமும் அதுதான். பால்குடியைத் திடீரென நிறுத்தாமல் படிப்படியாக மறக்கச் செய்ய வேண்டும் என்பதும் அவர் அறிவுரை.

தொட்டிலை மெல்ல ஆட்டுவதும், கூடவே தாலாட்டுவதும் குழந்தையைப் பலப்படுத்தும் என்று எழுதுகிறார். அசைவு உடலுக்கு, ஓசை உள்ளத்துக்கு. கலிமாவையும் ஸலவாத்தையும் பாட்டாக்கித் தூளியை ஆட்டிய நம் பாட்டிமார்கள் இந்த மருத்துவ நூலைப் படித்ததில்லை. ஆனால் செய்தது இதைத்தான். இன்று அந்த இடத்தில் செல்போன் இருக்கிறது.

செவிலித்தாய் அமர்த்துவதானால் நல்ல குணமுள்ளவராக, எளிதில் கோபத்துக்கும் துக்கத்துக்கும் அச்சத்துக்கும் ஆளாகாதவராக இருக்க வேண்டும் என்கிறார். வளர்ப்பவரின் மனநிலை பிள்ளையைப் பாதிக்கும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் கவனித்திருக்கிறார்.

குழந்தை தானாக விரும்பும் முன்பு அதை உட்காரவோ நடக்கவோ வைக்கக் கூடாது, கால்களுக்கும் முதுகுக்கும் கேடு வரும் என்பது மற்றொரு எச்சரிக்கை. தவழத் தொடங்கினால் வழவழப்பான விரிப்பில் விட வேண்டும். குத்தும் பொருள், வெட்டும் பொருள் எல்லாவற்றையும் பாதையிலிருந்து அகற்ற வேண்டும். உயரத்திலிருந்து விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது, பிள்ளையை இழுத்துச் செல்வது நம் வேலையல்ல. அது போகும் வழியைச் சீர்செய்து கொடுப்பதே நம் வேலை.

சற்று வளர்ந்த பிள்ளைக்கு அவர் முதலில் கவனிக்கச் சொல்வது குணத்தை. கடும் கோபம், பெரும் பயம், துக்கம், தூக்கமின்மை ஆகியவை பிள்ளையை அண்டவிடக் கூடாது. அது எதை விரும்புகிறது, எதை வெறுக்கிறது என்று கவனித்து நடக்க வேண்டும். இதனால் உள்ளத்துக்கும் நன்மை, உடலுக்கும் நன்மை. நற்குணம் சிறு வயதிலேயே பழக்கமாகிறது. மனம் கெட்டால் உடலும் கெடும் என்பதால் ஆரோக்கியமும் காக்கப்படுகிறது. காலையில் எழுந்ததும் குளியல், பிறகு விளையாட்டு, சிறிது உணவு, மீண்டும் அதைவிட நீண்ட விளையாட்டு என்று அவர் போட்டுக் கொடுத்த நாள் அட்டவணையில் பாடமே இல்லை.

ஆறு வயதானதும்தான் ஆசிரியர். அப்போதும் படிப்படியாக. ஒரேயடியாகப் புத்தகத்தோடு கட்டிப்போடக் கூடாது என்கிறார். பத்து வயதில் குர்ஆனை முடித்தவர் எழுதியது இது!

நாம் செய்த தவறு

பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஓதிக்கொடுத்த மக்தபுக்கு நான்கு வயது நிறையாத ஒரு சிறுவனைக் கொண்டுவந்தார்கள். எட்டு வயதில் ஹாபிழ் ஆக்கிவிடுங்கள் ஹஜ்ரத் என்று அவன் அத்தா கேட்டுக்கொண்டார். நாமும் ஆர்வத்தோடு ஏற்றோம். எழுத்து உச்சரிப்பு வராதபோது மற்ற பிள்ளைகள் முன் குரலை உயர்த்தினோம். சில நாட்களில் நம்மைக் கண்டாலே பாயிலேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கினான். அஸர் பாங்கு கேட்டாலே அழுகிறான் என்று அவன் அம்மா சொல்லியனுப்பினார். பிறகு அவன் வரவே இல்லை. பாங்கோசையை ஒரு பிள்ளைக்கு அச்சமாக்கிவிட்டோமே என்ற வருத்தம் இன்றும் உண்டு. கானூனின் அந்தப் பக்கங்களை நாம் முன்பே படித்திருந்தால் அந்தப் பிள்ளையை மடியில் வைத்து ஓதிக் காட்டியிருப்போம், அல்லது விளையாட விட்டிருப்போம்.

தொழுகையை ஏவும் வயதாக நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டது ஏழு. ஸஜ்தாவில் இருந்தபோது முதுகில் ஏறிய பேரப்பிள்ளை தானாக இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டியவர்களும் அவர்களே. அந்தப் பொறுமைக்கு முன்னால் நம் அவசரம் எங்கே நிற்கிறது?

இப்னு சீனா ஹிஜ்ரி 428, கி.பி. 1037-ல் ஹமதானில் வயிற்று நோயால் மறைந்தார். இறுதி நாட்களில் தவ்பா செய்து, செல்வத்தைத் தானமளித்து, அடிமைகளை விடுதலை செய்து, குர்ஆன் ஓதுவதில் மூழ்கியிருந்தார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவரது அடக்கத்தலம் இன்றும் அவ்வூரில் உள்ளது.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் எல்லோரும் இப்னு சீனா ஆக வேண்டியதில்லை. இப்னு சீனா சொன்னபடி வளர்ந்தால் போதும். நம் சந்ததிகளைக் கண்குளிர்ச்சியாக்கி, அவர்களை வளர்க்கும் பொறுமையை நமக்குத் தர வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.