ஆசிரியராயிருந்து அதிபரான லிண்டன் ஜான்சன்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாற்றைப் புரட்டுவோர்க்கு ஜான்சன் என்னும் பெயர் அடிக்கடி தட்டுப்படும். ஜானின் மகன் என்பதே அப்பெயரின் பொருள். தந்தையைச் சுட்டிய அச்சொல் நாளடைவில் குடும்பப் பெயராய் நிலைத்துவிட்டது. நம்மவர்க்குத் தந்தையின் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அவர்களுக்கோ அது மாறாது தொடரும். ஆகவே, ஜான்சன் என்ற பெயருடையோர் அனைவரும் ஒரே குடும்பத்தார் எனக் கொள்ளலாகாது. அந்நாட்டில் துணை அதிபர் பதவி வகித்த ஜான்சன்கள் மூவர். 1837 முதல் 1841 வரை ரிச்சர்டு மென்டர் ஜான்சன். 1865இல் ஆண்ட்ரூ ஜான்சன். 1961 முதல் 1963 வரை லிண்டன் பெயின்ஸ் ஜான்சன். பின்னவர் இருவரும் அதிபராகவும் உயர்ந்தனர்.

மாணவச் செல்வங்களே, அம்மூவருள் கடைசியானவரின் வாழ்வையே இங்கே சொல்லப் புகுகிறேன். அவர் ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற ஒரு பள்ளியின் தலைமையாசிரியராய் இருந்தவர். இந்த ஒரு காரணமே நமக்குப் போதும்.

டெக்சஸ் மாநிலத்தில் பெடர்னாலிஸ் என்னும் ஆறு ஓடுகிறது. அதன் கரையில், ஸ்டோன்வால் என்ற சிற்றூரின் அருகில், 1908ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் லிண்டன் பிறந்தார். ஐந்து மக்களில் அவரே மூத்தவர். தந்தை சாம் ஜான்சன் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராய் இருந்தவர். தாய் ரெபெக்கா கல்லூரிப் படிப்பு முடித்தவர். வீட்டுக்கு அண்மையில் ஓரறைப் பள்ளி ஒன்று இருந்தது. நான்கு வயதிலேயே லிண்டன் வீட்டை விட்டு நழுவி அப்பள்ளிக்கு ஓடிவிடுவாராம். அடிக்கடி தேடி அலைந்த அன்னை, பையனை வகுப்பிலேயே வைத்துக்கொள்ளுமாறு ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டார். கேட் டெட்ரிக் என்ற அந்த ஆசிரியை, சிறுவனைத் தம் மடியில் அமர்த்தி வாசிக்கச் செய்தார். இந்த அம்மையாரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அவர் மீண்டும் வருவார்.

குடும்பத்தின் நல்ல நிலை நீடிக்கவில்லை. 1920ஆம் ஆண்டையொட்டிப் பருத்தி விலை சரிந்தபோது, கடன் வாங்கி நிலத்தில் போட்ட பணம் முழுவதையும் சாம் ஜான்சன் இழந்தார். ஊரார் மதித்த குடும்பம் கடன்காரக் குடும்பமாயிற்று. விளைபொருளின் விலை இறங்கினால் வீட்டு அடுப்பு என்னவாகும் என்பதைப் பால்மரத்தை நம்பி வாழ்ந்த நம் பெற்றோர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1924இல் லிண்டன் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். ஆனால் மேற்படிப்பில் நாட்டம் செல்லவில்லை. நண்பர்களுடன் கலிபோர்னியாவுக்குச் சென்று கிடைத்த வேலைகளைச் செய்தார். திரும்பி வந்து சாலை போடும் கூட்டத்தில் மண் சுமந்தார். இவ்வாறு இரண்டு ஆண்டுகளுக்குமேல் கழிந்த பின்னர், 1927இல் சான் மார்கோஸ் நகரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரியைக் கூட்டித் துடைத்தும், அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்தும் படித்தார். அப்போதும் பணம் போதவில்லை. ஓராண்டு படிப்பை நிறுத்திவிட்டு, 1928இல் கொட்டூலா என்ற ஊருக்கு ஆசிரியராய்ச் சென்றார்.

கொட்டூலா, மெக்சிகோ எல்லைக்கு அருகிலுள்ள வறண்ட ஊர். அவர் சேர்ந்த வெல்ஹாசன் பள்ளி, மெக்சிகோ வழிவந்த பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. வெள்ளையர் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி இருந்தது. பெற்றோர் பிறர் நிலங்களில் கூலிக்குப் பாடுபட்டவர்கள். பிள்ளைகள் பலர் காலை உணவின்றிப் பள்ளிக்கு வந்தனர். 20 வயது இளைஞரான ஜான்சன் அங்கே தலைமையாசிரியர். மேல்வகுப்புகளின் ஆசிரியரும் அவரே. பள்ளியில் விளையாட்டுப் பொருள் ஏதும் இல்லாததைக் கண்டு, தம் முதல் மாதச் சம்பளத்தில் பந்துகளும் மட்டைகளும் வாங்கினார். பேச்சுப் போட்டி, பாட்டு, பிற பள்ளிகளுடன் பந்தாட்டம் என ஒவ்வொன்றாகத் தொடங்கினார். பிள்ளைகளுக்குப் பற்பசை வேண்டுமென்று தம் அன்னைக்குக் கடிதம் எழுதினார். பள்ளியைக் கூட்டும் தொழிலாளிக்கும் பாடநூல் வாங்கிக் கொடுத்து, மணியடிக்குமுன்னும் பின்னும் படிக்கட்டில் அமர்ந்து ஆங்கிலம் கற்பித்தார்.

அதே ஜான்சன், பள்ளி வளாகத்தில் ஸ்பானிய மொழி பேசிய பிள்ளைகளை அடிக்கவும் செய்தார். ஸ்பானியமே அவர்களின் தாய்மொழி. ஆங்கிலம் கற்றால்தான் முன்னேறுவர் என்று அவர் மெய்யாகவே நம்பினார். அந்நாளில் அப்பகுதிப் பள்ளிகளின் வழக்கமும் அதுவே. எனினும், தாய் பேசும் மொழியை வாயிற்படியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்பது குழந்தைக்கு இழைக்கும் சிறுமையே ஆகும். தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் இதை எழுதாமல் கடந்து செல்ல முடியாது. பிற்காலத்தில் அவர் இதற்கு மாறாய்ச் செய்ததையும் எழுதத்தான் போகிறேன்.

1930இல் பட்டம் பெற்று, ஹூஸ்டன் நகரில் சிறிது காலம் கற்பித்த பின், 1931இல் மக்களவை உறுப்பினர் ஒருவரின் செயலாளராய் வாஷிங்டன் சென்றார். 1934இல் கிளாடியா டெய்லர் என்பாரை மணந்தார். 1935இல், 26ஆம் வயதில், டெக்சஸ் மாநில இளைஞர் நலப் பணியின் இயக்குநரானார். வறுமையால் படிப்பை விட இருந்த மாணவர் பலருக்குப் பகுதிநேர வேலை தந்து படிப்பைத் தொடரச் செய்தது அப்பணியே. 1937இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தம் தொகுதிக்கு அவர் செய்தவற்றுள் தலையாயது மின்சாரம். அம்மலைப் பகுதியின் பெண்கள் கிணற்றிலிருந்து நீர் இறைத்துச் சுமந்தனர். விறகு அடுப்பில் காய்ச்சிய இரும்பைக் கொண்டு துணி தேய்த்தனர். மண்ணெண்ணெய் விளக்கொளியில் பிள்ளைகள் படித்தனர். வீடுகள் தொலைவில் இருப்பதால் இலாபம் வராதென்று மின் நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. ஜான்சன் அதிபர் ரூசுவெல்ட்டு வரை சென்று வாதாடி, கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் கம்பியிழுக்கக் கடன் பெற்றுத் தந்தார். 1939இல் அவ்வீடுகளில் விளக்கெரிந்தது. நம் தோட்டங்களின் பழைய லயங்களில் வாழ்ந்தோர் இம்மகிழ்ச்சியை அறிவர்.

அரசியலில் அவர் மாசற்றவர் அல்லர். 1948இல் மேலவைக்கான கட்சித் தேர்தலில் வெறும் 87 வாக்குகளில் வென்றார். அவ்வாக்குகளில் சில பின்னர் சேர்க்கப்பட்ட கள்ள வாக்குகள் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. வரலாற்று ஆசிரியர் பலரும் அதை ஏற்கின்றனர். கடுஞ்சொல் பேசுவார், கீழ்ப்பணிபுரிவோரை வாட்டுவார். ஆயினும் மேலவையில் யார் எதற்கு இணங்குவார் என்பதை அவரைப்போல் அறிந்தவர் எவருமிலர். 1955இல் பெரும்பான்மைக் கட்சித் தலைவரானார். 1961இல் கென்னடியின் துணை அதிபரானார். 1963 நவம்பர் 22ஆம் நாள் டல்லாஸ் நகரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றே, விமானத்தினுள், ஜான்சன் அதிபராக உறுதிமொழி எடுத்துக்கொண்டார்.

இங்கே அவருடைய பெயரினரான ஆண்ட்ரூ ஜான்சனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் பிறந்தது 1808. இவர் பிறந்தது 1908. அவரும் தென்மாநிலத்தவர். மூன்று வயதில் தந்தையை இழந்து, தையற்காரர் ஒருவரிடம் ஒப்பந்தத்தில் கட்டுண்ட சிறுவர் அவர். தப்பி ஓடியபோது, பிடித்துத் தருவோர்க்கு 10 டாலர் பரிசு என எசமானர் விளம்பரம் செய்தார். பள்ளியில் ஒருநாளும் பயிலாத அவருக்கு, எழுத்தும் கணக்கும் செம்மையாகக் கற்பித்தவர் அவருடைய மனைவி எலிசா. அத்தகையவர் துணை அதிபராகி, 1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டபின் அதிபரானார். அடிமைத்தளை அறுந்து 40 இலட்சம் கறுப்பின மக்கள் வழி தெரியாது நின்ற வேளை அது. எளியவனின் துயரை அறிந்த அவர் கைகொடுத்திருக்கலாம். அவரோ, அவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் 1866ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தடுத்தார். நாடாளுமன்றம் அத்தடையை மீறியே அதனை நிறைவேற்றியது. 1868இல் பதவி நீக்க விசாரணைக்கு உள்ளாகி, ஒரே ஒரு வாக்கில் தப்பினார். வறுமையில் வளர்ந்த அனைவரும் வறியோர்க்கு இரங்குவர் என்ற எண்ணம் சரியன்று போலும்.

ஒரு ஜான்சன் விட்டுச் சென்ற பணி ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் மற்றொரு ஜான்சனிடம் வந்தது. தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர் வெள்ளையருடன் ஒரே உணவகத்தில் உண்ணவோ, ஒரே பள்ளியில் பயிலவோ இயலாத நிலை அன்றும் இருந்தது. இன ஒதுக்கலைத் தடை செய்யும் சட்ட முன்வரைவை மேலவையில் தென்னாட்டு உறுப்பினர்கள் வாரக்கணக்கில் பேசியே முடக்கினர். அவர்களில் பலர் ஜான்சனின் நெடுநாளைய நண்பர்கள். முன்னர் அவரே அத்தகைய சட்டங்களை எதிர்த்து வாக்களித்தவர். இம்முறை அவர் இறங்கிவரவில்லை. 1964 ஜூன் 10ஆம் நாள் 71 பேர் ஆதரவுடனும் 29 பேர் எதிர்ப்புடனும் விவாதம் முடித்து வைக்கப்பட்டது. ஜூலை 2ஆம் நாள் அவர் கையொப்பமிட்டார். மறு ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதற்குமுன் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பினத்தவருள் நூற்றுக்கு ஏழு பேரே வாக்காளராய்ப் பதிவு பெற்றிருந்தனர். 1967இல் ஏறத்தாழ 60 பேர் பதிவு பெற்றனர். 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று இச்சட்டத்தின் முக்கியப் பகுதியைச் செயலிழக்கச் செய்தது. அதைப் பற்றிய வழக்குரை அந்நாட்டில் ஓயவில்லை.

கல்விக்கு அவர் செய்ததையும் கேளுங்கள். ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கு நடுவண் அரசு பொருளுதவி செய்யும் சட்டத்தில் 1965 ஏப்ரல் 11ஆம் நாள் கையொப்பமிட்டார். இட்ட இடம் வெள்ளை மாளிகையன்று. தாம் நான்கு வயதில் ஓடிச்சென்ற ஓரறைப் பள்ளியின் முன்னே மேசையிட்டு, முதியவரான கேட் அம்மையாரை அருகில் அமர்த்திக்கொண்டு இட்டார். அவ்வாண்டு நவம்பரில், உயர்கல்விச் சட்டத்தில் தாம் கூட்டிப் பெருக்கிய சான் மார்கோஸ் கல்லூரியிலேயே கையொப்பமிட்டார். 1968 ஜனவரி 2ஆம் நாள் இருமொழிக் கல்விச் சட்டத்தை ஏற்றார். ஆங்கிலம் அறியாத பிள்ளைகளுக்கு அவரவர் வீட்டு மொழியின் துணைகொண்டு கற்பிக்க அரசுப் பணம் முதன்முறையாகக் கிடைத்தது. ஸ்பானியம் பேசிய சிறுவர்களை அடித்த கை அதே கைதான்.

ஆனால் வியட்நாம் போர் இவற்றின்மேல் கருநிழலாய்ப் படர்ந்தது. 1963இன் இறுதியில் அங்கிருந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 16,000 பேர். 1968இல் 5 இலட்சத்துக்கு மேல். அப்போரில் மடிந்த அமெரிக்கர் 58,000க்கு மேற்பட்டோர். வியட்நாமியரின் உயிரிழப்போ அதைவிடப் பன்மடங்கு. போரை வெல்லவும் இயலாமல், விட்டு விலகவும் மனமின்றி அவர் தவித்தார் என்பர். தவிப்பு எத்தகையதாயினும், படையை மேலும் மேலும் அனுப்பிய ஆணை அவருடையதே.

அப்போர்க் காலத்தில்தான் அவர் மலேசியாவுக்கும் வந்தார். மணிலா மாநாட்டை முடித்துக்கொண்டு, தாய்லாந்து வழியாக 1966 அக்டோபர் 30ஆம் நாள் கோலாலம்பூர் வந்திறங்கினார். துங்கு அப்துல் ரகுமான் நம் பிரதமராய் இருந்த காலம். நெகிரி செம்பிலானில் லாபு ஜெயா என்னும் பெல்டா நிலத்திட்டத்தை அவர் பார்வையிட்டார். அத்திட்டம் அவர் நினைவாகப் பெல்டா எல்.பி. ஜான்சன் எனப் பெயர் பெற்றது. இங்கிருந்து சென்ற ஒரு வாரத்தில், நவம்பர் 7ஆம் நாள், கொட்டூலா பள்ளிக்குச் சென்று, 38 ஆண்டுகளுக்கு முன் தாம் நின்ற இடத்தில் மீண்டும் நின்றார்.

1968 மார்ச் 31ஆம் நாள், மறுபடியும் தேர்தலில் நிற்பதில்லை எனத் தொலைக்காட்சியில் அறிவித்தார். ஆட்சியை விட்டபின் பெடர்னாலிஸ் கரையில் தம் பண்ணையில் வாழ்ந்தார். முடியை நீளமாய் வளர விட்டார், கால்நடைகளைப் பார்த்துக்கொண்டார். நெஞ்சுநோய் முற்றியிருந்தது. 1972 டிசம்பரில், மருத்துவர் தடுத்தும் கேளாமல், ஆஸ்டின் நகரில் மக்களுரிமை பற்றிய கூட்டமொன்றில் பேசினார். மேடையில் மாத்திரை போட்டுக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தார். தாம் செய்தது போதாது என்பதே அப்பேச்சின் சாரம். 1973 ஜனவரி 22ஆம் நாள் தம் 64ஆம் வயதில் காலமானார். ஐந்து நாள் கழித்து, பாரிஸ் நகரில் வியட்நாம் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

ஆற்றங்கரையில், குடும்பத்தாரின் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்த இடமும், அந்த ஓரறைப் பள்ளியும் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன.