யாழைத் தேடிய தவமுனிவர் சுவாமி விபுலாநந்தர்

திருஞானசம்பந்தப் பெருமானுடன் தலங்கள் தோறும் சென்று, அவரது பதிகங்களை யாழில் இட்டு வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார். அவர் கையிலிருந்த யாழ் எத்தகையது? அதற்கு எத்தனை நரம்புகள்? பிற்காலத்தில் இதனை அறிந்தவர் இல்லை. வீணை வழக்கில் நிலைக்க, யாழ் மறைந்தது. அம்மறைபொருளைத் தேடித் தம் வாழ்நாளை ஈந்தவர் கிழக்கிலங்கை தந்த சுவாமி விபுலாநந்தர்.

அடிகளார் 1892 ஆம் ஆண்டு காரைதீவிலே சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் புதல்வராகப் பிறந்தார். பிள்ளைப் பெயர் மயில்வாகனன். அதே ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சேற்றினார். பிற்காலத்தில் இவரது தேடலுக்கு வித்தாக அமைந்தது அந்நூலே. மயில்வாகனனார் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1924 இல் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார்.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே யாழாசிரியன் அமைதி கூறும் இருபத்தைந்து அடிகள் இவரை ஆட்கொண்டன. அடியார்க்கு நல்லார் உரை யாழின் வகைகளைச் சொல்கிறது: பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7. ஆயினும் யாழைக் கண்ணாற் காணாதவர்க்கு அவ்வுரையும் விளங்காப் புதிராகவே இருந்தது.

இசை மேடை வித்துவானாக அன்றி, தமிழையும் கணிதத்தையும் பௌதிகத்தையும் ஒருங்கே கற்றவராக அடிகளார் இப்புதிரை அணுகினார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் ஒலி இரட்டிக்கும். மூன்றில் இரண்டாக்கினால் குரலுக்கு இளி பிறக்கும். இத்தகைய கணக்குகளாலே சுருதிகளை அளந்தார். பாலைகள் ஒன்றிலிருந்து மற்றொன்று திரியும் முறையையும், தேவாரப் பண்களையும் ஆராய்ந்தார். வில்லின் நாணொலியிலே பிறந்த வில் யாழிலிருந்து அக்கலை வளர்ந்த வழியை உரைத்தார். ஊர் விட்டு ஊர் செல்லும் துறவு வாழ்விலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக இருந்தபோதும், அவ்வாய்வைக் கைவிட்டாரில்லை. உடல் நலிவுற்ற வேளையிலும் எழுத்து ஓயவில்லை.

அவ்வாறு உருவானதே யாழ் நூல். கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. 1947 ஆம் ஆண்டு ஜூன் 5, 6 ஆம் திகதிகளில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேற்றம் நிகழ்ந்தது. ஆற்று வெள்ளத்திலே ஓடக்காரரின்றி, பதிகம் பாடியே சம்பந்தர் ஓடம் செலுத்திய தலம் அது. அடிகளாரின் ஆய்வின்படி செய்யப்பட்ட யாழ்கள் ஊர்வலமாக எடுத்துவரப்பட்டு, இறைவன் சந்நிதியில் ஒலித்தன. ஏட்டிலே சொல்லாக மட்டும் எஞ்சியிருந்த கருவிக்கு மீண்டும் நாதம் பிறந்தது.

நோயுற்ற உடலோடு அரங்கேற்றம் கண்ட அடிகளார், ஆறு வாரங்கள் கழிந்ததும் 1947 ஜூலை 19 ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அவரது சமாதி மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவாநந்த வித்தியாலய வளாகத்திலே உள்ளது. இழந்த செல்வத்தைத் தேடிக் கண்டு இறைவன் திருமுன்னே வைத்துவிட்டு விடைபெற்ற அப்பெருமகனின் நினைவு, திருக்கோயில்களிலே பண்ணோடு தேவாரம் ஒலிக்குந்தோறும் வாழும்.